மாற்று கேட்காத ஐந்து மாதங்கள்

என் வயிற்றில் பிள்ளை இல்லை என்பதை நான் ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையில், முன்பின் தெரியாத இருபது பேர் கேட்க, உரத்துச் சொன்னேன். அப்போது என் மாமியார் என் கால்கள் இரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி நின்றார், பிள்ளை நழுவிவிடக் கூடாது என்று. இந்தக் கதையை நான் எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த விறாந்தைக்குத்தான் வந்து நிற்கவேண்டும். ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாமி கண்மூடி ஒரு வருடமாகிறது. அவர் இருக்கும்வரை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போன மாதம் தபாற்கந்தோர் யன்னலடியில் ஓர் இளம்பெண் முத்திரை வாங்க வந்தாள். முகம் வெளிறிப்போய், ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றாள். என்ன பிள்ளை என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா. வழமையானதுதான்" என்றாள். அந்தச் சொல்லை நானும் பன்னிரண்டு வருடம் சொல்லித் திரிந்தவள். அது வழமையானதல்ல என்று அவளுக்குச் சொல்ல எனக்கு யன்னல் கம்பிக்கு இப்பால் நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறைத் தீவில் ஒரு சின்னத் தபாற்கந்தோருக்கு நான் அதிபர். யாருக்குத் தந்தி வந்தது, எந்த மகன் காசு அனுப்பாமல் விட்டான், எவருடைய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாய் திறக்கமாட்டேன், அது சத்தியம் செய்து ஏற்ற வேலை. ஆனால் எனக்கு மாதவிலக்கு எப்போது வரும், எப்போது போகும் என்பது ஊருக்குத் தெரியும். அதை மூடிவைக்க ஊரில் யாரும் சத்தியம் செய்யவில்லை.

காரணம் மாற்று. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு விலக்கான பெண் உடுக்க, வெளுத்து மடித்த சேலையை, ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடியார் வீட்டுப் பெண் கொண்டு வந்து கொடுப்பாள். முழுகும் நாளில் பழையதை எடுத்துப்போவாள். அந்தச் சேலைக்குத்தான் மாற்று என்று பெயர். எங்கள் குறிச்சிக்கு மாற்றுக் கொண்டு வருபவள் செல்லம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எவளுக்கு எந்தக் கிழமை என்பதில் அவள் கணக்குப் பிசகியதே கிடையாது. ஒரு வீட்டில் இரண்டு மாதம் மாற்றுக் கேட்கவில்லை என்றால், அந்த வீட்டுக்காரருக்கு முன்னமே செல்லத்துக்கு விசேஷம் தெரிந்துவிடும்.

எனக்குப் பதினேழு வயதில் நோ தொடங்கியது. எல்லாப் பெண்களுக்கும் வருகிற வயிற்றுநோ அல்ல. விலக்குக்கு நாலு நாள் முன்னமே இடுப்பில் பிடித்துத் தொடைவரை இறங்கும். சத்தி வரும், தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். அந்த நாட்களில் மலங்கழிக்க இருந்தால் உள்ளே பிளேட்டால் கீறுவதுபோல் இருக்கும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். அந்த ஒன்றை முன்னமே சொல்லியிருந்தால் என் நோயைச் சந்தேகித்திருப்பார்கள் என்று பின்னாளில் டொக்டர் சொன்னபோது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. பிள்ளையே, இதை வாசித்தால் முதலில் அதைச் சொல்லு. வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பரியாரியார் உள்ளியும் பெருங்காயமும் தந்தார். இங்கிலீசு வைத்தியர் ஒருவர், கலியாணம் கட்டினால் மாறும் என்றார். கட்டினேன். மாறவில்லை. அடுத்தவர், ஒரு பிள்ளை பிறந்தால் மாறும் என்றார். பிள்ளை உண்டாகவே இல்லை. கலியாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் என்பார்களே, அந்தச் சங்கதிதான். இந்த நோய்க்காரிக்குப் பிள்ளை தங்குவது அரிது என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

என் கணவர் தெற்கே காலி நகரத்தில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. எங்கள் தீவு ஆண்களில் பாதிப்பேருக்குக் கடை தெற்கிலும் வீடு வடக்கிலுமாகத்தான் சீவியம். வருடத்தில் மூன்று தரம் வருவார். எனக்குத் தாய் தகப்பன் இல்லை; வீட்டில் நான் தனியே இருப்பது அழகில்லை என்று அவருடைய தாயார் என் சீதன வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே குசினியைக் கைப்பற்றினார். ஐந்து வருடம் நானும் மாமியும் சண்டை பிடித்ததில்லை, சிரித்ததுமில்லை. மாதாமாதம் செல்லம் மாற்றோடு படலையைத் திறக்கும்போது மாமி ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு எனக்கு நோவைவிடப் பெரிய நோ.

எழுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம். ஒரு நாள் தந்தி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதிரையிலிருந்து சரிந்துவிட்டேன். அடுத்த கிழமை லீவு போட்டு, பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போனேன். அந்த ஆஸ்பத்திரியில் பெண்நோய் பார்க்க ஒரு பெண் டொக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே ஒரு பிழையும் நடக்கவில்லை. நடக்க இருந்த பிழை என்னுடையது.

காத்திருக்கும் அறையில் உட்கார நாலைந்து நீள வாங்கு. எல்லாவற்றிலும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். பக்கத்தில் இருந்தவள், "எத்தினையாம் மாதம் அக்கா?" என்று கேட்டாள். "மாதமில்லைத் தங்கச்சி, பன்னிரண்டு வருஷம்" என்றேன். அவள் மெல்ல அடுத்த வாங்குக்கு நகர்ந்துவிட்டாள்.

டொக்டர் கையால் சோதித்தார். ஓர் இடத்தில் விரல் பட்டதும் கத்திவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மருந்துத் துண்டு எழுதும் கடதாசியின் பின்பக்கத்தில் ஒரு பேரிக்காயும் இரண்டு பக்கமும் இரண்டு புளியங்கொட்டையும் போலக் கீறினார்.

"இது கருப்பை. இதுக்குள்ள ஒரு மெல்லிய சவ்வு மாதாமாதம் வளந்து, பிள்ளை தங்காட்டி உதிர்ந்து இரத்தமாப் போகும். விளங்குதோ?"

"ஓம்."

"உமக்கு அந்தச் சவ்வு கருப்பைக்கு வெளியிலயும் முளைச்சிருக்கு. இந்தப் புளியங்கொட்டைதான் சூலகம், முட்டை விளையிற இடம். இதில, குடலில எல்லாம் ஒட்டியிருக்கு. மாதம் வந்தா அதுவும் இரத்தம் கசியும். வெளியில போக வழியில்லை. தேங்கித் தேங்கிக் கட்டியாகும். நாங்கள் அதை சொக்கிலேற் கட்டி எண்டுவம். உங்கட ஊரில பனம்பாணி எண்டு நினைச்சுக்கொள்ளும்."

பன்னிரண்டு வருடத்தில் முதல் தரமாக ஒருவர் என் நோவுக்கு ஓர் இடத்தைக் காட்டியிருந்தார். அந்தக் கடதாசியைப் பார்த்து அழுதேன். டொக்டர் அழவிட்டார். பிறகு சொன்னார், வழி இரண்டு. வயிற்றை வெட்டித் திறந்து கட்டியை எடுப்பது ஒன்று. அல்லது ஒன்பது மாதம் குளிசை போட்டு, மாதவிலக்கே வராமல் நிறுத்தி, முளைத்ததைக் காயப் பண்ணுவது. உடம்பு தன்னைப் பிள்ளைத்தாச்சி என்று நம்பிவிடும். அந்த ஓய்வில் நோய் சுருங்கும். பிறகு பிள்ளைக்கும் ஒரு வாய்ப்பு வரலாம்.

"ஒரு சங்கதி" என்றார். "இது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை. பெட்டியில இருக்கிற எழுத்தைப் பாத்துப் பயப்படாதையும். ஒரு நாளும் விடக்கூடாது. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வந்து காட்டவேணும்."

ஐந்து வருடமாகப் பிள்ளையில்லாதவள் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுகிறாள். இதை மாமிக்கு எப்படிச் சொல்வது? கணவருக்கு விபரமாக எழுதினேன். மறுமொழி வந்தது: குளிசையைப் போடு, அம்மாவுக்குச் சொல்லாதே, அவ விளங்கமாட்டா. என் கணவர் நல்லவர். நல்லவர் என்பதற்கு மேலே அவரிடம் ஒன்றையும் எதிர்பார்க்க ஏலாது.

வீட்டில் மாமி திறக்காத அலுமாரி இல்லை. ஆகவே ஒன்பது மாதக் குளிசைகளையும் ஒரு பிஸ்கற் டப்பாவில் போட்டு, மூடியில் அரக்கு உருக்கி, கந்தோரின் இரும்புப் பெட்டிக்குள் முத்திரைக் கட்டுகளோடு வைத்தேன். காலையில் அரக்கை உடைத்து ஒன்று விழுங்கிவிட்டுத் திரும்ப அரக்கு வைப்பேன். சனி, ஞாயிறுக்கு இரண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவேன்.

இரண்டாம் மாதம் நோ வரவேண்டிய நாள் வந்தது. நான் முதல்நாளே வெந்நீர்ப் போத்தலும் பழந்துணியும் எடுத்துவைத்திருந்தேன். நோ வரவில்லை. எட்டு மணிக்கு யன்னலைத் திறந்தேன், முத்திரை விற்றேன், தந்தி அடித்தேன், தபாற்பை கட்டினேன். நாலு மணிக்கு யன்னலைச் சாத்தியபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையிலேயே இருந்தேன். ஒரு முழு நாள், நோவில்லாமல். மற்றவர்களுக்கு எல்லா நாளும் இப்படியா இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நாளை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

ஆனால் அந்தக் குளிசை உடம்பை ஏமாற்றுகிற குளிசை. காலையில் குமட்டும். மீன் வாசம் ஆகாது. மார்பு கனத்து நொந்தது. வயிறு உப்பியது. மூன்றாம் மாதம் ஒரு காலை, நான் கிணற்றடியில் சத்தி எடுத்துக்கொண்டிருக்க, செல்லம் படலையடியில் நின்று மாமியிடம் மெதுவாகச் சொன்னாள், மெதுவாக என்றால் அவளுடைய மெதுவு:

"அம்மா, மூண்டு மாதமாப் பிள்ளை மாற்றுக் கேக்கேல்லை. கவனிச்சனீங்களோ?"

மாமி ஓடிவந்து என் கையிலிருந்த வாளியைப் பறித்தார். "எடி பிள்ளை, முழுகாமல் இருக்கிறனெண்டு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே? இந்த உடம்போட தண்ணி அள்ளுறாய்!" எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்கியிருப்பதை அப்படித்தான் சொல்லுவோம். மாமியின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம். ஐந்து வருடத்தில் முதல் தரமாக அவர் கை என் தலையைத் தடவியது.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது சத்திதான்.

பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று நாள் போனது. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அந்த அன்பு பிடித்திருந்தது. முருங்கையிலைச் சுண்டல், மணக்காமல் வதக்கிய பாரைமீன், தோடம்பழச் சாறு. நான் வரும்வரை படலையடியில் நிற்பார். படுத்தால் காலுக்கு எண்ணெய் பூசுவார். தாயில்லாமல் வளர்ந்தவளுக்கு அது பெரிய லஞ்சம். கணவருக்கு எழுதினேன், இப்படியாகிவிட்டது என்று. கொஞ்ச நாள் போகட்டும், நான் வந்து பக்குவமாகச் சொல்லுகிறேன் என்று எழுதினார். பொய்க்குத்தான் கால் இல்லை என்பார்கள்; எங்கள் வீட்டில் அது நன்றாகவே நடந்தது.

அன்பும் இடைஞ்சல் செய்தது. மூன்று மாதத்தில் டொக்டரிடம் போயிருக்கவேண்டும். "பஸ்ஸில குலுங்கிக் குலுங்கியோ? நல்லாயிருக்கு!" என்று மாமி தடுத்துவிட்டார். மருத்துவிச்சியிடம் பதியவேண்டும் என்று அவர் சொன்னபோது, நான் பட்டணத்து டொக்டரிடம் காட்டுகிறேன் என்று தடுத்துவிட்டேன். இரண்டு பேரும் ஆளை ஆள் காப்பாற்றியதில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் வெக்கையில் கந்தோரில் மயங்கினேன். யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அன்று பின்னேரமே எனக்குப் பதில் அதிபராக ஒரு மனிசன் வந்து கந்தோர்ச் சாவியைப் பொறுப்பெடுத்துவிட்டார். குளிசை டப்பா இரும்புப் பெட்டிக்குள். முன்பின் தெரியாத ஆணிடம் போய் அதைத் திறந்து தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அவர் கந்தோர்ப் புத்தகத்தில் பதிந்து வைத்தால்? திறந்து பார்த்தால்? நாலைந்து நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒரு நாளும் விடக்கூடாது என்று டொக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்தக் கதையில் நான் செய்த மோசமான வேலை பொய் சொன்னதல்ல. இதுதான்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. பிள்ளை தங்கினால் வெள்ளியில் ஒரு நாகம் சாத்துவதாக மாமி நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்திருந்தார். பிறந்தபிறகு சாத்தலாம், அதற்குமுன் என்னைக் கொண்டுபோய் அம்மன் முன்னால் நிறுத்தவேண்டும் என்று நின்றார். மாமியிடம் சொன்ன பொய்யை அம்மனிடமும் சொல்லப்போகிறேனே என்ற பயம் எனக்கு விடிந்ததிலிருந்து இருந்தது.

புங்குடுதீவுத் துறையில் மோட்டார் வள்ளத்துக்குக் காத்து நின்றோம். வெயில். கையில் அர்ச்சனைத் தட்டு. காலையிலிருந்தே அடிவயிற்றில் பழைய உழைவு. திடீரென்று உள்ளே ஏதோ வெடித்ததுபோல ஒரு குத்து. அது பழைய நோ அல்ல. பழைய நோவை எனக்குத் தெரியும், அது வீட்டு நாய், இது வேறு. தட்டு விழுந்து தேங்காய் உருண்டது. நான் முழங்காலில் விழுந்தேன். சேலையில் இரத்தம் தெரிந்தது.

"ஐயோ, கரு கலையுது!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாமி என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்கள் இரண்டையும் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மாளாச்சி, உன்ர வாசலுக்கு வந்தனான். பறிச்சுப்போடாதை" என்று கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நின்றார்.

யாத்திரீகரை இறக்கிவிட்டு நின்ற புளியங்கூடல்காரர் ஒருவரின் ஒஸ்டின் காரில் ஏற்றினார்கள். ஊர்காவற்றுறைக்குப் போனாலும் அங்கிருந்து பட்டணத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று அவர் நேரே பட்டணத்துக்கு விட்டார். பின்சீற்றில் என் தலை கதவோடு, கால் மாமியின் மடியில். ஒவ்வொரு குழியிலும் வயிறு இரண்டாகப் பிளந்தது. வலது தோள் வேறு ஏனோ தாங்காமல் நொந்தது. மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது சொன்னேன்:

"மாமி, பிள்ளை இல்லை."

"அப்பிடிச் சொல்லாதை! நாக்கை அடக்கு. அம்மாள் விடமாட்டா."

"இல்லை மாமி, கேளுங்கோ, பிள்ளையே இல்லை."

"கதையாதை பிள்ளை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டிரு." அழுதபடி என் வாயைப் பொத்தினார். பண்ணைக் கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. இதோடு செத்துப்போனால் பொய்யும் என்னோடு போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்த நினைப்பு ஆறுதலாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் தள்ளுகட்டிலில் கிடத்தினார்கள். இள வயது டொக்டர் ஒருவர் ஓடிவந்தார். மாமி முந்திக்கொண்டு, "ஐஞ்சு மாதம் தம்பி. தலைப்பிள்ளை. எப்பிடியாவது காப்பாத்தித் தாங்கோ" என்றார். அவர் நாடியைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார், எழுதினார். பிறகு பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தந்தி அடிக்கிறவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். கரு கலைந்துவிட்டது, உள்ளே மிச்சமிருப்பதைச் சுரண்டித் துப்புரவாக்கவேண்டும், ஆயத்தப்படுத்துங்கள்.

என் கருப்பைக்குள் சுரண்ட ஒன்றும் இல்லை. நோ வேறு இடத்தில். அவர் கீழே சுரண்டிக்கொண்டிருக்க மேலே வயிற்றுக்குள் என்னவோ நிறைந்துகொண்டிருக்கும். கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். மாமி என் கால்களை விடாமல் கூடவே வந்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"நிப்பாட்டுங்கோ! என்ர வயித்தில பிள்ளை இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போட்டனான், அஞ்சு மாதமா. எனக்குச் சூலகத்தில கட்டி. பெரிய டொக்டரைக் கூப்பிடுங்கோ!"

மாமியின் கைகள் என் கால்களிலிருந்து விலகின. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றார். வெட்டிய இடத்தைவிட, தைத்த இடத்தைவிட, அந்த இரண்டடி எனக்கு இன்றும் நோகும்.

பெண் டொக்டர் வந்தார். வயிற்றை ஒரு தரம் தொட்டார், பலகைபோல் இறுகியிருந்தது. தோள் நோகிறதா என்று அவராகவே கேட்டார். உள்ளே கசிந்தது மேலே போய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கிற சவ்வை உறுத்தினால் தோளில்தான் நோகுமாம். "கட்டி உடைஞ்சிட்டுது. குளிசையை விட்டனீரோ?" நான் தலையாட்டினேன். அவர் ஏசவில்லை.

"வயித்தைத் திறக்கத்தான் வேணும், இப்பவே. ஆனா நித்திரையாக்கினாப்பிறகு உம்மைக் கேக்க ஏலாது, அதால இப்பவே கேக்கிறன். கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவைச்சா, பிள்ளைக்கு ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. மிகச் சின்னன். நோ திரும்பி வரும், திரும்பவும் வெட்டவேண்டியும் வரலாம். கருப்பையை எடுத்தா நோய் அநேகமா அதோட முடியும். பிள்ளைக் கதையும் முடியும். என்ன செய்ய?"

விட்டுவையுங்கள் என்று சொல்லத்தான் முதலில் வாய் போனது. மாமி சுவரோடு நின்ற நிலை கண்ணுக்குள் இருந்தது. செய்த பொய்க்கு இந்த உடம்பால் கடன் கட்டிவிடலாம் என்று பட்டது. இன்னும் இருபது வருடம் நோவைத் தாங்கினால் கணக்குச் சரியாகிவிடும் அல்லவா? அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. நோ வராமல் போன அந்த நாள். யன்னலைத் திறந்து, முத்திரை விற்று, தபாற்பை கட்டி, நாலு மணிக்கு ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருந்தது. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. பிள்ளையைவிட வேண்டுமா என்று என்னையே கேட்டேன். ஓம் என்று வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, சொன்னேன்.

"எடுங்கோ டொக்டர்."

கணவன் அல்லது மூத்தவர் ஒருவர் சம்மதம் எழுதவேண்டும். கணவர் காலியில், தந்தி போய் அவர் வர நாளாகும். மாமியைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்ல, கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எடுத்தா உயிரோட வருவாளோ?"

"வருவா எண்டுதான் நினைக்கிறன்."

மாமிக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை மையில் தோய்த்துக் கடதாசியில் பதித்தார். மையைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள், வாங்கவில்லை. தன் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பிள்ளை வருமென்று காத்திருந்தவர் பிள்ளையே வராமல் பண்ணும் கடதாசிக்கு விரல் வைத்துவிட்டுப் போகிறார் என்பது தெரிந்தது. மூக்கில் மயக்கமருந்து மூடியை வைக்கும்வரை அந்த மைக்கறையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது நாக்கு மரக்கட்டை. தண்ணீர் தரமாட்டார்கள், நனைத்த பஞ்சை உதட்டில் வைப்பார்கள். வயிற்றுக்குள் கட்டி உடைந்து கறுத்த பாணியாக ஓடியிருந்ததாம். கருப்பையையும் ஒரு சூலகத்தையும் எடுத்து, மற்றதில் நல்ல துண்டை மட்டும் விட்டுவைத்ததாக டொக்டர் சொன்னார், உடம்பு கெதியில் கிழடு தட்டாமல் இருக்க. கணவர் மூன்றாம் நாள் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான்" என்று தாயைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு லீவு முடிந்தது; போனார்.

மாமி பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தார். குழைந்த சோறு, மிளகுத் தண்ணி, முள் எடுத்த மீன். மூடியைத் திறந்து வைப்பார், வாங்கில் இருப்பார், நான் சாப்பிட்டதும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு சொல் இல்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எட்டு நாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மீனில் முள் எடுத்துத் தந்துகொண்டு ஒருவர் பேசாமல் இருப்பது பெரிய தண்டனை. வீட்டுக்குப் போனதும் ஊருக்கு என்ன சொல்லப்போகிறார்? குளிசை போட்டு ஊரை ஏமாற்றினாள் என்றா? அதன்பிறகு நான் அந்த யன்னலுக்குப் பின்னால் எப்படி இருப்பது? இதே யோசனைதான் எனக்கு.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் வார்ட்டுக்குள் செல்லம் வந்தாள். தீவிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் வெளுத்து மடித்த சேலை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக்கும், பிள்ளை அழிந்த துடக்குக்கும், இரண்டு தீட்டுக்கும் மாற்றுக் கொடுப்பது அவர்கள் உரிமை. அதைக் கொண்டு வந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியைக் கேட்டாள்:

"ஊரெல்லாம் ஒரே கவலை அம்மா. என்ன பிள்ளையாம்?"

என் கையில் சோற்றுக் கவளம். வாய்க்குப் போகவில்லை. உண்மையைச் சொல்ல மாமிக்கு எல்லா உரிமையும் இருந்தது. செல்லத்திடம் சொன்னால் பஸ் போய்ச் சேருவதற்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும். மாமி எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

"ஆம்பிளைப்பிள்ளை" என்றார்.

பிறகு அந்த மாற்றை இரண்டு கையாலும் வாங்கினார். செல்லம் அழுதாள். மாமியும் அழுதார். நான் சொன்ன பொய்யில் ஐந்து மாதம் இருந்தது. மாமி சொன்னதில் ஓர் ஆளே இருந்தான்.

செல்லம் போனபிறகு என் பக்கம் திரும்பினார். எட்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"சோறு ஆறுது. சாப்பிடு."

ஆறு கிழமையில் வேலைக்குத் திரும்பினேன். பதில் அதிபர் டப்பாவைத் தொடவே இல்லை. அரக்கு வைத்ததால் அரசாங்கச் சாமான் என்று நினைத்திருக்கிறார். இப்போது எனக்கு எல்லா நாளும் நாலு மணிக்கு வேலை முடிகிறது, நோவில்லாமல். பிள்ளையில்லாத துக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அது வேறு துக்கம், அதோடு யன்னலைத் திறக்க முடிகிறது.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்லித்தான் முடிக்கவேண்டும். மாமி சுவாமி அறைக் கதவைச் சாத்தினார். பிள்ளைத் துடக்கு முப்பத்தொரு நாள். விளக்கு வைக்கவில்லை, திருநீறு பூசவில்லை, கோயில் மணி கேட்டால் முற்றத்தில் நின்று கும்பிடவும் இல்லை. ஊருக்குக் காட்டத்தான் என்றால், படலை சாத்திய வீட்டுக்குள் யாருக்குக் காட்டினார்? நான் கேட்கவில்லை. அவரும் சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. முப்பத்திரண்டாம் நாள் விடிய முழுகிவிட்டு வந்து, கதவைத் திறந்து விளக்கேற்றினார். எனக்கும் திருநீறு பூசிவிட்டார்.